போஸ்ட்கிரெஸ் தரவுத்தளமும் தமிழ் அகரவரிசையும்

திறமூலத் தரவுத்தளங்களில் தமிழைச் சேமிப்பது இன்று சிக்கலன்று, வரிசைப்படுத்துவதே சிக்கல். பாம்பன் தீவிலுள்ள அக்காள்மடமும் அகரம் என்னும் ஊரும் ஒரே பட்டியலில் இருந்தால், அகராதி முறைப்படி அக்காள்மடமே முதலில் வரவேண்டும். மெய், உயிர்மெய்க்கு முந்தியது. ஒருங்குறி எண்ணை மட்டும் பார்க்கும் 'சி' வரிசையிலோ அகரம் முந்திக்கொள்கிறது. புள்ளியின் எண் 'ர'வின் எண்ணைவிடப் பெரிது என்பதே காரணம். ள, ழ, ற, ன ஆகியவை அங்கே 'வ'வுக்கு முன் நிற்பதும் இதனால்தான்.

2017இல் வெளியான போஸ்ட்கிரெஸ் 10, ஐசியூ நூலகத்தின் மொழிவாரி வரிசைகளை ஏற்றது. தமிழும் அவற்றுள் உண்டு. ஆனால் அது தானாக வராது. நிர்வாகி கேட்டுப் பெறவேண்டும். முழுத் தரவுத்தளத்துக்கும் அதை இயல்பாக்க 15ஆம் பதிப்புவரை (2022) காத்திருக்க நேர்ந்தது பெருங்குறை.

2018இல் லினக்சின் ஜிலிப்சி 2.28 வரிசை விதிகளை மாற்றியது. பழைய விதியில் கட்டிய சுட்டெண்கள் பிழைபட்டன. உள்ள பதிவே தேடலில் அகப்படாது, ஒரே பெயர் இருமுறை ஏறவும் கூடும். நிர்வாகிகளிடையே பரவிய சோதனை எண்களையும் இணைப்புக்கோட்டையும் கொண்டது. எச்சரிக்கையாக அது நன்று. எனினும் தமிழ்ப் பெயர்ப்பட்டியல் வைத்திருப்பவர் அக்காள்மடத்தையும் அகரத்தையும் இட்டுப் பார்த்த பிறகே சுட்டெண்களை மீளக் கட்டவேண்டும்.