சந்திப்பிழை பார்க்கிறோம், செருகுநிரலைப் பார்ப்பதில்லை

பாடவளப் பக்கங்களை நாம் மதிப்பிடும் முறையில் ஒரு குறை இருக்கிறது. பயிற்றியில் ஓர் ஒற்று விடுபட்டால் உடனே புலனக் குழுவில் எழுதுகிறோம். படம் மங்கலா இருக்கு, விடைப்பட்டி இல்லை என்கிறோம். ஆனால் அந்த அகப்பக்கம் எதைக்கொண்டு இயங்குகிறது, யார் பராமரிக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை.

சுங்கை பஞ்சாங் பக்கம் படிவம் நான்கு மாணவி ஒருத்திதான் என்னைக் கேட்க வைத்தாள். "டீச்சர், நீங்க சொன்ன பக்கத்தைக் கூகள்ல தேடினா சூதாட்டம் வருது." ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் பக்கம் அது. பதிவேற்றும் உரிமை எனக்கும் உண்டு. திறந்து பார்த்தேன், ஒன்றுமில்லை. கணக்கிலிருந்து வெளியேறி, அவளைப்போலவே தேடிப் போனபோதுதான் கண்ணில் பட்டது. உள்ளே இருந்த செருகுநிரல்கள் இருபதுக்கும் மேல். அவற்றைப் போட்ட ஆசிரியர் எப்போதோ மாற்றலாகிப் போய்விட்டார்.

'செருகுநிரல்' நல்ல தமிழ்ச்சொல்தான். ஆனால் அது நம்மை ஏமாற்றவும் செய்கிறது. கொண்டையில் பூ செருகுவதைப்போல, வேண்டாமென்றால் எடுத்துவிடலாம் என்று நினைக்கிறோம். வேர்ட்பிரஸ் தளத்தில் நடப்பது வேறு. அங்கே ஒரு செருகுநிரலின் நிரல், தளத்தின் மூல நிரலுக்குள்ள அதே அதிகாரத்தோடு ஓடுகிறது. தரவுத்தளத்தைப் படிக்கலாம், கோப்புகளை மாற்றலாம். 'செயலிழக்கச் செய்' என்று சொடுக்கினாலும் கோப்புகள் சர்வரிலேயே கிடக்கும். அழித்தால்தான் போகும்.

மூன்று நிகழ்வுகளைப் பார்ப்போம். 2020 செப்டம்பரில் 'ஃபைல் மேனேஜர்' என்ற செருகுநிரலில் ஓட்டை வெளிப்பட்டது. 7 லட்சத்துக்கும் அதிகமான தளங்களில் இருந்த செருகுநிரல் அது. மாதிரிக்காக வைத்திருந்த ஒரு கோப்பு, இயங்கும் கோப்பாகப் பெயர் மாற்றப்பட்டு உள்ளேயே விடப்பட்டிருந்தது. கடவுச்சொல் இல்லாமலே யாரும் அதன் வழியாகத் தங்கள் நிரலைத் தளத்தில் ஏற்ற முடிந்தது. திருத்தம் வருவதற்கு முன்பே தாக்குதலும் தொடங்கிவிட்டது.

2024 நவம்பரில் பூட்டே கெட்டது. 'ரியலி சிம்பிள் செக்யூரிட்டி' ஒரு பாதுகாப்புச் செருகுநிரல். 40 லட்சம் தளங்களில் இருந்தது. அதன் இரட்டைச் சரிபார்ப்பு வசதியை இயக்கியிருந்த தளங்களில், கடவுச்சொல் தெரியாதவரும் நிர்வாகியாக நுழைய வழி இருந்தது. சோதனை தோற்றதை நிரல் கண்டுகொண்டது, ஆனால் அங்கே நிற்காமல் மேலே போய் ஆளை உள்ளே விட்டது. வாசலில் நிற்கும் மாணவர் தலைவன் அனுமதிச் சீட்டை வாங்கி, "இது பொய்ச்சீட்டு" என்று சொல்லிவிட்டு, "சரி, உள்ளே போ" என்றால் எப்படி இருக்கும்? அப்படித்தான்.

இதைக் கேட்டதும் "புதுப்பித்தால் போதும்" என்பார்கள். அது பாதி உண்மை. மேலே சொன்ன இரண்டுக்கும் புதுப்பிப்பே மருந்து. ஆனால் 2017-இல் 'டிஸ்பிளே விட்ஜெட்ஸ்' விஷயத்தில் புதுப்பிப்பே நஞ்சாக வந்தது. சுமார் 2 லட்சம் தளங்களில் இருந்த அதை மூல ஆசிரியர் விற்றுவிட்டார். வாங்கியவர் தரப்பிலிருந்து வந்த பதிப்புகளில் பின்கதவு இருந்தது. அதன் வழி ஏறிய விளம்பரப் பதிவுகள், உள்நுழைந்திருப்பவர் கண்ணுக்குத் தெரியாதபடி அமைக்கப்பட்டிருந்தன. நான் ஏன் பார்க்கவில்லை, என் மாணவி ஏன் பார்த்தாள் என்பது இதைப் படித்தபோதுதான் விளங்கியது. நம் வட்டார நெல்வயல்களில் 'பாடி ஆங்கின்' என்ற களைநெல் விதைநெல்லோடு கலந்தே வரும். முளையில் வித்தியாசம் தெரியாது. அதற்காக விதைக்காமல் இருப்பதில்லை, விதை எங்கிருந்து வருகிறது என்று பார்க்கிறோம்.

செருகுநிரலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஊடாடும் பயிற்சிகளை நம்மால் சொந்தமாக நிரல் எழுதிச் செய்ய முடியாது. என் குறையெல்லாம் நம் பழக்கத்தின்மேல்தான். பக்கம் தொடங்கும் நாளில் காட்டும் அக்கறை அதற்குப் பிறகு இல்லை. பொறுப்பு கைமாறும்போது கடவுச்சொல்லைத் தவிர வேறு எதையும் ஒப்படைப்பதில்லை.

இதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. இணையப் புதிர்ப்போட்டி என்றால் பெயர், பள்ளி, அதோடு அடையாள அட்டை எண். எதற்கு? அந்த 12 இலக்கத்தில் பிள்ளையின் பிறந்த தேதி இருக்கிறது, பிறந்த இடக் குறியீடு இருக்கிறது, ஆணா பெண்ணா என்பதும் இருக்கிறது. கடவுச்சொல்லை மாற்றலாம், இந்த எண்ணைப் பிள்ளை ஆயுளுக்கும் சுமக்க வேண்டும். சூதாட்டப் பக்கத்தை ஒரே நாளில் அழித்துவிடலாம். போன எண் திரும்பாது.

ஆகவே வளப்பக்கங்களை மதிப்பிடும்போது நான்கு கேள்விகளையும் சேர்த்துக்கொள்வோம். எத்தனை செருகுநிரல்கள், ஒவ்வொன்றும் எதற்கு? கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது, இப்போது யார் கையில்? பயன்படாதவை அழிக்கப்பட்டனவா? மாணவரிடம் தேவைக்கு மேல் என்ன கேட்கிறோம்? பக்கம் கெட்டுப்போனால் மறைக்க வேண்டாம். சைபர்செக்யூரிட்டி மலேசியாவின் 'சைபர்999' சேவையில் புகார் செய்யலாம்.

எங்கள் பக்கத்தில் இப்போது செருகுநிரல்கள் ஆறுதான். பதிவுப் படிவத்தில் அடையாள அட்டை எண் கேட்கும் கட்டத்தையும் எடுத்துவிட்டோம். பழைய பதிவுகளில் கிடந்த எண்களை யாராவது எடுத்தார்களா என்பது மட்டும் எங்களுக்குத் தெரியவில்லை. அந்த மாணவியின் எண்ணும் அதில் இருந்தது.