ஓட்டின் இலக்கணம்

மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர், "இந்தப் பாஷைக்கு ஒழுங்கான இலக்கணமே கிடையாது, ஸார்!" என்று அலுத்துக்கொண்டார். அவர் சொன்னது ஷெல் பாஷையை. யூனிக்ஸ் என்னும் ஏற்பாட்டின் உட்பகுதிக்குப் பருப்பு என்றும், அதைச் சுற்றியிருப்பதற்கு ஓடு என்றும் பெயர். ஓட்டிடம் ஒரு வரி கட்டளை சொன்னால் காரியம் நடக்கும்.

நடந்த காரியம்தான் அவருடைய கோபத்துக்குக் காரணம். 'பழைய கணக்கு' என்ற பைலை ராத்திரி தானாக அழித்துவிடும்படி எழுதி வைத்திருந்தார். இடைவெளியைக் கண்ட ஷெல் அதை இரண்டு சொல்லாகப் பிரித்துக்கொண்டு, 'கணக்கு' என்ற நடப்புப் பைலை அழித்துவிட்டது.

இலக்கணம் இல்லை என்று குறை சொல்லுவது சுலபம். ஏன் இல்லை என்று பார்ப்பதுதான் விமரிசனம்.

ஸ்டீபன் போர்ன் பெல் சோதனைச்சாலையில் எழுதிய ஷெல், யூனிக்ஸின் 7-வது பதிப்போடு 1979-ல் வெளிவந்தது. அல்கால் 68 என்ற கட்டுப்பாடான பாஷையைப் பின்பற்றி, 'இஃப்' என்று தொடங்குவதை, எழுத்துக்களைத் திருப்பிப் போட்டு 'ஃபி' என்று முடித்தார். 'டூ' என்பதையும் அப்படித் திருப்பி 'ஆட்' என்று முடித்திருக்க வேண்டும். ஆனால் அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு கட்டளை புழக்கத்தில் இருந்தது. எனவே 'டன்' என்று முடித்தார். புழக்கத்துக்கு இலக்கணம் வழிவிட்டது.

1992-ல் போஸிக்ஸ் என்ற பொது விதி இதற்குச் சூத்திரம் வகுத்தது. சூத்திரங்கள் போதவில்லை, எந்த இடத்தில் எந்தச் சொல் எதுவாகும் என்று வசனத்தில் ஒன்பது விதிகளைச் சேர்க்க நேர்ந்தது. கட்டளையின் தலையில் 'இஃப்' வந்தால் இலக்கணச் சொல்; வேறொரு கட்டளையின் பின்னால் வந்தால் வெறும் சொல்.

இது நமக்குப் புதிதல்ல. நன்னூலில் பவணந்தியார் பொதுமொழி என்று ஒன்று சொல்கிறார். வேங்கை என்றால் புலி, அல்லது மரம்; வேம் கை என்று பிரித்தால் வேகின்ற கை. எது என்பதை வாசகன் சந்தர்ப்பம் பார்த்துத் தீர்மானிக்கிறான்.

ஷெல்லில் இன்னொரு சங்கடமும் உண்டு. நடுவழியில் ஒரு சொல்லுக்கு மறுபெயர் சூட்டலாம். சூட்டியாயிற்றா இல்லையா என்பது, ஓடவிட்டுப் பார்த்தால்தான் தெரியும் என்றும் வைக்கலாம். பிறகு அடுத்த வரியை ஓடவிடாமலே இலக்கணம் பிரிப்பது எப்படி? 2018-ல் பிரான்ஸில் மூன்று ஆராய்ச்சியாளர்கள் 'மார்பிக்' என்ற பகுப்பானைப் பற்றி எழுதினார்கள். மறுபெயருக்கு எல்லை கட்டித்தான் அவர்களும் காரியத்தை முடித்தார்கள்.

நண்பர் வசிக்கும் ஊரின் பெயருக்கு உரியவரும் மறுபெயர் சூட்டிக்கொண்டவர்தான். வேதாசலம் மறைமலை ஆனார். இரண்டும் ஒருவரே என்று நமக்குத் தெரிகிறது. சந்தேகமிருந்தால் யாரையாவது கேட்கலாம்.

ஷெல் யாரையும் கேட்பதில்லை. முதலில் அது பேச்சு. மனிதன் ஒரு வரி சொல்லி, பலனைப் பார்த்து, அடுத்ததைச் சொன்னான். அந்தப் பேச்சையே பைலில் எழுதி, ஆளில்லாத ராத்திரியில் ஓடவிட்டோம். பேச்சை எழுத்தாக்குகிறவன், எதிரே ஆள் இல்லாத குறையையும் தானே ஈடுகட்ட வேண்டும். சம்பாஷணை எழுதுகிற ஒவ்வொரு நாவலாசிரியனும் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம் இது. என் அபிப்பிராயத்தில் குற்றம் பாஷையுடையதல்ல. அதைப் பத்திரம் எழுதப் பயன்படுத்திய நம்முடையது.

நண்பர் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் அன்றைக்கே பைல் பெயர்களுக்கெல்லாம் மேற்கோள் குறி போட உட்கார்ந்துவிட்டார்.