உள்ளுறை உவமமும் இதழோவியமும்

கதைக்கு வரையும் ஓவியமும் கட்டுரைக்கு வரையும் ஓவியமும் ஒரு தன்மையன அல்ல. கதையோவியன் ஆசிரியன் படைத்த மாந்தரைக் கண்முன் நிறுத்துகிறான். கட்டுரையோவியனோ கட்புலனாகாக் கருத்துக்கு உருவம் தேடுகிறான். தமிழிதழ்களில் இவ்விரண்டாம் வகைக்கு வழி கோலியவற்றுள் 1906இல் தோன்றிய 'இந்தியா' இதழின் கருத்துப்படங்கள் முதன்மையானவை. பாரதியார் அவற்றைப் பேணி வளர்த்தார். பின்னர் ஆனந்த விகடனில் மாலியும் கோபுலுவும் கோட்டோவியத்திற்குப் பெருமை சேர்த்தனர். ஆயினும் மின்சாரம், நிலக்கரி, எண்ணெய் முதலிய ஆற்றல் தொழில்கள் பற்றிய கட்டுரைகளுக்கு இன்று வரையப்படும் படங்கள் பலவும் அம்மரபின் வளத்தைப் பெறவில்லை. அக்குறையை நீக்கும் நெறி தொல்காப்பியத்திலேயே உளது என்பது நம் துணிபு.

இப்படங்களில் மீண்டும் மீண்டும் வருவன சிலவே: குமிழ்விளக்கினுள் முளைத்த தளிர், உலகவுருண்டையிற் செருகிய மின்கம்பி, கரும்புகை கக்கும் புகைபோக்கி. இவை எந்த நாட்டின் எந்தத் தொழிலைப் பற்றிய கட்டுரைக்கும் பொருந்தும்; ஆதலின் எதற்கும் உரியன ஆகா. மேலும், தளிர் நன்று, புகை தீது எனக் கட்டுரை ஆராயத் தொடங்குமுன்னரே படம் தீர்ப்பளித்துவிடுகிறது. தொல்காப்பியர் அகத்திணையியலில் உவமத்தை உள்ளுறை, ஏனை என இருவகைப்படுத்தினார். மேற்கூறிய படங்கள் வெளிப்படையாக ஒப்புமை கூறி அமையும் ஏனையுவமத்தின்பாற்படும்.

உள்ளுறை என்பது நிலத்தின் கருப்பொருளைக் கூறி, கூறாத பொருளைக் கேட்போர் நெஞ்சில் தோற்றுவிப்பது. இதழோவியத்திற்கு இஃது எங்ஙனம் பயன்படும் என்பதைச் சேர்வராயன் மலையைக் கொண்டு விளக்குவோம்.

ஏற்காட்டைச் சூழ்ந்த இம்மலையில் பாக்சைட்டுத் தாது உண்டு. 1965இல் மேட்டூரில் இயங்கத் தொடங்கிய மதராஸ் அலுமினியம் கம்பெனியின் ஆலைக்கு இத்தாது அகழ்ந்து கொண்டு செல்லப்பட்டது. ஒரு கிலோ அலுமினியத்தைப் பிரிக்க ஏறத்தாழ 13 முதல் 15 யூனிட் மின்சாரம் வேண்டும். அங்ஙனம் மின்சாரத்தை உண்டு பிறக்கும் உலோகமே உயரழுத்த மின்கம்பியாகி மின்சாரத்தைச் சுமக்கிறது. 1934இல் முடிவுற்ற மேட்டூர் அணையில் காவிரி நீர் மின்சாரம் தருகிறது. அருகே நிலக்கரியும் எரிகிறது. மலை, ஆறு, உலோகம், விளக்கு ஆகிய நான்கும் ஒரு தொடராய் நிற்றலைக் காண்க. புகைபோக்கிப் படம் இத்தொடரின் ஒரு கண்ணியை மட்டுமே காட்டும். மலையை அறவே மறைக்கும்.

மலையுச்சிக் குகைக்கோயிலில் சேர்வராயனும் காவிரியம்மனும் ஒருங்கு வழிபடப்படுகின்றனர். மலையையும் ஆற்றையும் இணைக்கும் இவ்வடிவத்தை வரையவே ஓவியன் முதலில் விழைவான். ஆனால், தெய்வம் ஒழிந்த கருப்பொருளே உள்ளுறைக்கு நிலைக்களன் என்பது தொல்காப்பிய வரையறை. அதன் நுட்பம் ஈண்டு விளங்கும். தெய்வத்தை வரைந்தால் காண்போர் வணங்குவர், அன்றி வெகுள்வர், ஆராயார்.

ஆகவே, ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் எங்கும் காணும் காட்சியையே அவன் கொள்ளலாம். ஒரு சில்வர் ஓக் மரம். அதனைப் பற்றிப் படர்ந்த மிளகுக்கொடி. மரம் நிற்பது அகழ்ந்த செம்மண் சரிவின் விளிம்பில். அதன் வேர்கள் பாதி வெளிப்பட்டுள்ளன. விளக்கோ கம்பியோ படத்தில் இல்லை. எனினும், கொடி மரத்தைப் பற்றி வாழ்தல் சமவெளி நகரம் மலையைப் பற்றி வாழ்தலாகவும், வேர் வெளிப்படுதல் அவ்வாழ்வின் விலையாகவும் கட்டுரையைக் கற்றார்க்குப் புலனாகும்.

'இதழைப் புரட்டுவோர் ஒரு நொடியில் உணர வேண்டாவோ? உள்ளுறை கற்றோர்க்கன்றோ உரியது?' என வினவலாம். உள்ளுறையை உணரத் தேவையானது நூலறிவினும் நிலத்தறிவே. அந்நிலத்தறிவைக் கட்டுரையே வழங்குகிறது. படிக்குமுன் அப்படம் மலைக்காட்சியாய் ஈர்க்கும்; படித்தபின் பொருளுரைக்கும். குமிழ்விளக்கின் தளிரோ படித்தபின் புதிதாக ஒன்றும் கூறுவதில்லை.

சேர்வராயன் மலைத் தாதுவை உண்ட அவ்வாலை உலோகம் உருக்குதலை 2008ஆம் ஆண்டளவில் நிறுத்தியது. அகழ்ந்த சரிவுகள் மலையில் எஞ்சியுள்ளன. ஆற்றல் தொழிலின் வரலாற்றை எழுதுவோர் அச்சரிவுகளையும் கூறல் வேண்டும். அவ்வரலாற்றுக்குப் படம் வரைவோர் அவற்றின் விளிம்பில் ஒருமுறை நின்று வருதல் வேண்டும்.