மக்கிய எரு

நன்றாக மக்கிய எருவில் சாணி வாடை துளியும் இருக்காது; புதுமழை பட்ட மண்ணின் வாசம்தான் வரும். ஆக்டினோமைசீட்ஸ் நுண்ணுயிர்கள் சுரக்கும் ஜியோஸ்மின்தான் இரண்டுக்கும் காரணம்.

கொட்டில் கூளம், சாணி, வேப்பந்தழை, காய்ந்த கொடி எல்லாவற்றையும் குவித்து ஈரம் காத்தால், சில நாளில் உள்சூடு 60 டிகிரியைத் தொடும். களை விதைகளில் பெரும்பாலானவை அதிலேயே செத்துவிடும். அவ்வப்போது கிளறிவிட்டு மூன்று நான்கு மாதம் பொறுக்க வேண்டும். கைப்பிடியில் பிடித்த உருண்டை விரல் பட்டதும் பொலபொலவென உதிரும். எவ்வளவு அழகான பதம் அது! பச்சைச் சாணியை அப்படியே கொட்டினால் வேர் வெந்துபோகும்.

பாகலுக்கும் புடலைக்கும் குழிக்கு 10 கிலோ தொழுவுரம் என்பது கோவை வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. இரண்டு மாடுள்ள குடும்பத்துக்கு எட்டக்கூடிய அளவுதான். தோட்டத்துச் சருகைக் கொளுத்தாதீர்கள்; எருக்குழியில் போடுங்கள்.