தந்த அரியணையும் தளைப்பட்ட மக்களும்

இலண்டன் மாநகரின் ஹைடு பூங்காவில் 1851ஆம் ஆண்டு மே 1ஆம் நாள் திறக்கப்பட்ட பொருட்காட்சி மண்டபத்தைப் ‘பளிங்கு மாளிகை’ என்று உலகம் புகழ்ந்தது. புகழட்டும்; புகழத் தக்கதே! இரும்புச் சட்டங்களையும் ஏறத்தாழ 3 இலட்சம் கண்ணாடிப் பலகைகளையும் இணைத்து அதனை உருவாக்கத் திட்டம் தந்த ஜோசப் பாக்ஸ்டன், பெருங்குடியில் பிறந்தவரல்லர். தோட்ட வேலையில் தொடங்கி உயர்ந்தவர். அறிவு இருந்தது, வாய்ப்புக் கிடைத்தது, வென்றார். ஒரு ஷில்லிங் கட்டணத்தில் உழைப்பாளரும் உள்ளே நுழைந்து கண்டனர். மூடப்படுவதற்குள் 60 இலட்சம் வருகைகள்! இவற்றைப் பாராட்ட நாம் தயங்கவில்லை.

நாம் காணும் குறை வேறு. அம்மண்டபத்தின் கதையை எழுதுவோர், அங்கே மின்னிய பொருள்களை வரிசையாகச் சொல்லி வியக்கின்றனர். அவற்றுள் ஒன்று, திருவிதாங்கூர் மன்னர் உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா, விக்டோரியா அரசியாருக்கு அன்பளிப்பாக அனுப்பிய தந்த அரியணை. கொடுத்தவர் மன்னர், பெற்றவர் அரசியார், வரலாறு அத்துடன் முடிந்துவிடுகிறது. செதுக்கிய கைகள் எங்கே? அந்த அரசின் கருவூலத்தை வரியால் நிரப்பிய குடிகள் எங்கே? அக்குடிகளுள் செங்கோட்டை மக்களும் அடங்குவர். 1956 நவம்பர் 1ஆம் நாள் தமிழகத்துடன் இணையும் வரை இவ்வட்டம் திருவிதாங்கூரைச் சேர்ந்ததன்றோ?

அரியணை இலண்டனில் காட்சிக்கு இருந்த 1851இல், அதை அனுப்பிய நாட்டில் மனிதரை மனிதர் அடிமையாக வைத்திருக்கச் சட்டம் இடம் தந்தது! அடிமை முறையை அடியோடு ஒழிக்கும் ஆணை பிறந்தது 1855இல். நாடார் குலப் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காகப் பல்லாண்டு போராடிய பின்னரே, 1859இல் அதற்கான அறிவிப்பு வந்தது. அப்போதும், உயர் சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற தடை நீங்கவில்லை. மூன்றும் ஒரே மன்னரின் ஆட்சியில் நிகழ்ந்தவை. ஆயினும் அரியணை ஒரு நூலில், அடிமை வேறொரு நூலில்! கலை வரலாற்றையும் மக்கள் வரலாற்றையும் இவ்வாறு பிரித்து வைப்பது, பொய் சொல்லாமலே உண்மையை மறைக்கும் முறையாகும்.

இந்தியப் பேரரசிப் பட்டம் ஏற்றதையொட்டி அரசியார் அவ்வரியணையில் அமர்ந்தே படம் எடுத்துக்கொண்டார். அன்பளிப்பு ஆதிக்கத்தின் அடையாளமாயிற்று. 1854இல் சிடன்ஹாமில் மீண்டும் எழுப்பப்பட்ட பளிங்கு மாளிகையோ, 1936 நவம்பர் 30ஆம் நாள் தீக்கிரையாயிற்று. கண்ணாடி உருகிற்று, அரியணை அரச குடும்பத்தின் சேமிப்பில் நிலைத்தது.

மாணவர்க்கு இக்கதையைக் கற்பிப்போர் தோட்டக்காரர் பாக்ஸ்டனின் ஏற்றத்தைச் சொல்லட்டும். சொல்லும் அதே பக்கத்தில், ஏறுவதற்குப் படியே மறுக்கப்பட்ட திருவிதாங்கூர் மக்களையும் எழுதட்டும். காட்சிப் பேழையின் மேல் கொடையாளியின் பெயர் மட்டும் போதாது. பொருளைப் படைத்த தொழிலாளரும், அவர் வாழ்ந்த காலத்தின் சட்டமும் அங்கே இடம்பெற வேண்டும். அதுவே முழு வரலாறு. அதைக் கேட்க நமக்கு உரிமை உண்டு.