கணிதப் பொருளியல் இளநிலைப் பட்டம்: ஒரு மதிப்பீடு

தேவை, அளிப்பு, விலை ஆகியவற்றை மாறிகளாகக் குறித்து, அவற்றின் உறவுகளைச் சமன்பாடுகளாக எழுதி, முடிவுகளைக் கணித நிறுவலின் வழியே பெறும் முறையே கணிதப் பொருளியல் எனப்படுகிறது. 1838இல் பிரெஞ்சு அறிஞர் கூர்னோவின் நூலில் தெளிவான உருப்பெற்ற இம்முறை, 1947இல் பால் சாமுவேல்சனின் நூல் வெளிவந்தபின் உயர்கல்வியின் பொதுமொழியாகிவிட்டதால், இளநிலையிலேயே இதைத் தனிப் பட்டமாகப் படிக்கலாமா என்ற கேள்வி எழுவது இயல்பே.

இதன் தலையாய வலிமை, எடுகோள்களை, அதாவது வாதத்துக்கு அடிப்படையாக ஏற்றுக்கொள்பவற்றை, மறைக்கவிடாமல் எழுதவைப்பதாகும். கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரையுள்ள மீனவர் குப்பங்களில், கரையேறிய மீன் கூறு கூறாக வைக்கப்பட்டு ஏலம் விடப்படும்போது, இறுதி விலை இரண்டாவது பெரிய மதிப்பை வைத்தவரின் அளவை ஒட்டி நிற்கும் என்று ஏலக் கோட்பாடு நிறுவுகிறது. ஆனால் அதற்கு, வாங்குவோர் கூட்டுச் சேராமல் தத்தம் மதிப்பின்படியே கேட்கிறார்கள் என்று கொள்ள வேண்டும். வலைக்கும் இயந்திரத்துக்கும் முன்பணம் கொடுத்த வியாபாரிக்கே மீனைத் தரவேண்டிய கட்டாயம் படகுக்காரருக்கு இருந்தால் ஏலம் பெயரளவுக்கே நடக்கிறது. எந்த எடுகோள் அங்கே உடைந்தது என்பதைக் கணிதம் கற்றவர் திட்டவட்டமாகச் சுட்டிவிடுவார். அப்படியொரு முன்பணம் இருப்பதோ, கரையில் நின்று விசாரித்தவருக்கே தெரியவரும்.

களத்தில் நேரில் விசாரித்தறியும் இந்த இரண்டாவது திறனைத் தமிழகம் முன்பே வளர்த்திருந்தது. 1915இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியராகப் பொறுப்பேற்ற கில்பர்ட் சிலேட்டர், மாணவர்களைக் கொண்டு ஊர்களை ஆய்ந்து 1918இல் நூலாக்கினார்; அவ்வூர்கள் பிற்காலத்தில் மீண்டும் ஆராயப்பட்டன. செங்கல்பட்டுச் சீமைக்கோ அதனினும் பழைய சான்று உண்டு: 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு நடத்திய கணக்கெடுப்பு ஏறத்தாழ 2,000 ஊர்களின் நிலத்தையும் குடிகளையும் மானியங்களையும் பதிவு செய்தது, திருப்போரூரின் கணக்குகள் அச்சிலும் வந்துள்ளன.

இன்றைய நடைமுறையின் குறை தொடக்கத்திலேயே தெரிகிறது. பதினோராம் வகுப்புப் பொருளியல் நூலில் கணித முறைகளுக்கென ஓர் அத்தியாயம் இருந்தாலும், பள்ளியில் கணிதமே எடுக்காதவரும் பி.ஏ. பொருளியலில் சேரலாம், அதனால் ஒரு மாறியின் சிறு மாற்றத்துக்கு மற்றொன்று எவ்வளவு மாறுகிறது என்பதைக் கூறும் வகை நுண்கணிதம், காரணம் விளங்காத சூத்திரமாக மனப்பாடம் செய்யப்படுகிறது. பட்டத்தின் பெயரில் கணிதத்தைச் சேர்ப்பதால் மட்டும் இது மாறிவிடாது. நிறுவலை உண்மையாகக் கற்பிக்கும் சென்னை கணிதவியல் நிறுவனம் செங்கல்பட்டு மாவட்டத்துச் சிறுசேரியில்தான் இருக்கிறது. ஆனால் அதன் இளநிலைப் பட்டங்கள் கணிதம், கணினியியல், இயற்பியல் சார்ந்தவை.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்து, இந்தியப் புள்ளியியல் நிறுவனம் வழியாக யேல் சென்று பொருளியலில் முனைவரான டி. என். சீனிவாசனின் பாதை, கணிதத்தை முதலில் முழுமையாகக் கற்பதே மேல் என்ற கருத்துக்கு வலுச்சேர்க்கிறது. எனினும் ஒருவரின் மேதைமையைக் கொண்டு பாடத்திட்டம் வகுக்க இயலாது. கணிதத்தை முதன்மைப் பாடமாகவும் பொருளியலை அல்லைடு எனப்படும் துணைப் பாடமாகவும் வைத்து, மூன்றாம் ஆண்டில் ஒரு பருவத்தைத் திருப்போரூர் வட்டத்து ஊர் ஒன்றின் கணக்கெடுப்புக்கு ஒதுக்கும் பட்டமே இங்குப் பொருந்தும். அதற்கு இரு துறைகளும் ஆசிரியர்களையும் பாடவேளைகளையும் பகிர்ந்துகொள்ள வேண்டும். பாடத்திட்டம் எழுதுவதைவிட அதுவே கடினம்.