மறே ஷேபரின் ஏரியிசையும் அதனைப் பேணும் வகையும்

இசையாக்குநர் ஒருவர் மறைந்தபின் அவர்தம் ஆக்கங்களைப் பேணுதல் எளிதென்றே பலரும் கருதுவர். சுரத்தாள்களை நூலகத்திற் சேர்த்து, ஒலிப்பதிவுகளைப் பெருக்கினால் அப்பணி முடிந்தது என்பது அவர்தம் எண்ணம். கனடா நாட்டு இசையாக்குநர் றேமன்ட் மறே ஷேபர் (1933–2021) திறத்து இவ்வெண்ணம் செல்லாது.

ஒன்ராறியோ மாகாணத்துச் சார்ணியா நகரிற் பிறந்த ஷேபர், இசையரங்கின் நாற்சுவரை விட்டு வெளியேறியவர். 1979இல் அவர் இயற்றிய 'வனத்து ஏரிக்கான இசை' பன்னிரண்டு துரொம்போன் குழல்களுக்கு உரியது. கலைஞர் ஏரிக்கரையைச் சூழ ஒருவர்க்கொருவர் சேய்மையில் நின்று ஊத, ஷேபர் நீரின் நடுவே தெப்பத்தில் நின்று வண்ணக் கொடிகளாற் குறிகாட்டினார். காற்று அடங்கும் வைகறையும் அந்தியுமே அதற்குரிய பொழுதுகள். 1981இல் ரொறொன்ரோவுக்கு அணித்தான ஹாற் ஏரியில் அரங்கேறிய 'விண்மீன்களின் இளவரசி' இன்னும் துணிவுடையது. அவையோர் இருள் பிரியுமுன் கரையில் வந்து அமர்தல் வேண்டும். கண்ணுக்குப் புலனாகாத பெண்குரல் ஒன்று அக்கரையினின்று நீரின்மேல் தவழ்ந்து வரும். வேடம் புனைந்தோர் வள்ளங்களில் வருவர். ஞாயிறு எழுதலும் நாடகத்தின் ஓர் உறுப்பேயாம். கரை மரங்கள் திருப்பியனுப்பும் எதிரொலியையும் பறவைகளின் விடியற்குரலையும் எண்ணியே அவர் இசை வகுத்தார்.

இத்தகைய படைப்பை ஒலிநாடாவில் அடைத்தால் எஞ்சுவது யாது? ஒலியை அதன் பிறப்பிடத்தினின்று பிரித்தலை ஷேபர் ஏறத்தாழ ஒரு நோயாகவே கண்டார். உளநோய் ஒன்றின் பெயரை ஒத்து அச்சமூட்டுமாறு 'ஸ்கிட்சோபோனியா' என்னும் சொல்லையும் வேண்டுமென்றே ஆக்கினார். ஆயினும் சைமன் பிரேசர் பல்கலைக்கழகத்தில் அவர் தொடக்கிய உலக ஒலிச்சூழல் ஆய்வுத்திட்டம், ஒலிப்பதிவுப் பொறியின்றி ஓரடியும் நகர்ந்திராது. 1973இல் வன்கூவர் நகரின் ஒலிகளை இசைத்தட்டில் வெளியிட்டதும் அத்திட்டமே. பழித்த கருவியையே பயன்கொண்டார் என அவர்மீது குறை கூறல் எளிது. ஆனால் அது முற்றும் பொருந்தாது. மறைந்துபோகும் ஊரொலிக்குப் பதிவு நற்சான்றாகும். ஏரியிசைக்கோ அது நிழற்படம் மாத்திரமே.

அவருடைய நால்வர் நரம்பிசைகளுக்கு இவ்விடர்ப்பாடு இல்லை. 1976இல் இயற்றிய இரண்டாம் நரம்பிசையான 'அலைகள்', கடலலை ஒன்றன்பின் ஒன்றாய் வரும் இடைவெளியைத் தன் தாளக் கட்டாகக் கொண்டது. அவ்விடைவெளி 6 முதல் 11 வினாடி வரை. மொன்றியலின் மொலினாரி குழுவினர் இவ்வரிசையைப் பதிவு செய்துள்ளமை போற்றத்தக்கது. கடலை ஷேபர் ஏற்கெனவே தாளில் எழுதிவிட்டமையால் இவ்விசை எவ்வறையிலும் வாழும்.

ஏரிப் படைப்புக்களுக்கு வேண்டுவன வேறு. மோட்டார்ப் படகும் விமானமும் இரையாத நீர்நிலை ஒன்றும், இருளில் எழுந்து வரும் கலைஞரும் அவையோரும் வேண்டும். 1985இல் பான்வ் மலைப்பகுதி ஏரியொன்றில் 'இளவரசி' மீண்டும் அரங்கேறியமை, படைப்பு ஓரிடத்தோடு கட்டுண்டதன்று எனக் காட்டிற்று. ஓர் ஏரி கெட்டால் மற்றோர் ஏரி தேடலாம். எல்லா ஏரியும் இரைந்தால் நாடகம் வெறுந்தாளிலேயே கிடக்கும்.

பேணுவோர் முன் மற்றுமொரு கடமையும் உண்டு. 'இளவரசி'யின் கதை பழங்குடியினரின் தொல்கதைபோல் ஒலித்தாலும், அது ஷேபர் தாமே புனைந்தது. நிலத்தின் ஒலியை அதன் இடத்திலேயே கேட்கவேண்டும் என்றவர், அந்நிலத்து மக்களின் கதைநடையை மட்டும் எடுத்தாண்டமை நெருடலானது. இதனை அவையோர்க்கு மறைத்தல் தகாது. அடுத்தமுறை அவ்வள்ளங்களை நீரில் இறக்குமுன், அந்நிலத்துப் பழங்குடி மக்களை உசாவுதல் வேண்டும்.